ஆள் சரி என்று நான் சொன்னேன்

எனக்கு வெந்தது பதினாறு சதவீதம். இரண்டு கைகள், இடது தொடை, கழுத்தில் கொஞ்சம். பேச்சியம்மாளுக்கு நாற்பத்திரண்டு. இந்தச் சதவீதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வெந்தவருடைய சொந்தக் கையை விரல்களோடு விரித்து வைத்தால் அது அவர் உடம்பில் ஒரு சதவீதம். அந்தக் கையை வைத்து அளந்துகொண்டே போக வேண்டியதுதான். இது எனக்கு வார்டில் யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. பதினேழு வருஷம் ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். அளந்து எழுதுவதுதான் என் பிழைப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. பத்திரிகையில் என்னை வீரன் என்று போட்டார்கள். அந்தத் துண்டை என் மச்சினன் குமார் கண்ணாடித்தாள் ஒட்டி அட்டை மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தான். அடுப்பில் போடு என்றேன். பிளாஸ்டிக் நாறும் என்று என் மனைவி செல்வி போடவில்லை. அது இப்போதும் பீரோவுக்கு மேலே கிடக்கிறது. அதில் எழுதியிருப்பது பொய். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

ராணுவத்தில் இருந்தபோது வடக்கே மலையில் எங்கள் ஆஸ்பத்திரி ஒரு கூடாரத்துக்குள் இயங்கியது. கள மருத்துவமனை என்பார்கள். தினமும் காலையில் எழுந்ததும் ஆக்சிஜன் சிலிண்டர் ஒவ்வொன்றையும் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஸ்ட்ரெச்சரின் கால்களை விரித்து மடக்கிப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டரை ஓட விட வேண்டும். அடிபட்டவன் வந்தாலும் வராவிட்டாலும் இது தினமும் உண்டு. ஒருநாள் விட்டால் சுபேதார் வாயில் வருகிற வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அங்கே என் தனி வேலை ஹெலிகாப்டரில் ஆள் ஏற்றுவது. ஏற்றுவது என்றால் தூக்கி உள்ளே தள்ளுவது என்று ஊரில் நினைக்கிறார்கள். மேலே போகப் போகக் காற்று விரியும். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்து நிற்கிறவனை அப்படியே ஏற்றினால் அந்தக் காற்றே விரிந்து அவன் நுரையீரலை நசுக்கிவிடும். முதலில் குழாய் போட்டு அதை வெளியே எடுக்க வேண்டும். தொண்டையில் குழாய் போட்டவனுக்கு, அந்தக் குழாயைப் பிடித்து வைக்கிற சின்ன பலூனில் காற்றை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். வெந்தவனுக்கு ஊசி குத்தி டிரிப் ஓடவிட்ட பிறகுதான் ஸ்ட்ரெச்சரைத் தொட வேண்டும். ஒவ்வொருத்தன் சட்டைப் பொத்தானிலும் ஓர் அட்டை தொங்க வேண்டும். எப்போது அடிபட்டான், என்ன கொடுத்தோம், எந்த நேரத்தில் கொடுத்தோம், எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு பேர்தான் படுக்கலாம் என்றால் அந்த இரண்டு பேர் யார் என்று தரையில் நிற்கிறவன் முடிவு பண்ண வேண்டும். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, அவன் காத்திருப்பான். சத்தமில்லாமல் கிடப்பவனைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் தலையை எண்ண வேண்டும். பாறைக்குப் பின்னால் ஒருத்தனை விட்டுவிட்டு ஹெலிகாப்டர் கிளம்பி, அதற்குப் பிறகு மேகம் இறங்கினால் அவன் கதை அங்கேயே முடிந்தது. நான் ஒருத்தனையும் விட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதை இங்கே சொல்லாமல் மேலே எழுதினால் நானும் பத்திரிகைக்காரன்தான்.

ஓய்வு பெற்று ஆமத்தூருக்கு வந்தேன். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பாதுகாப்புப் போர்மேன் வேலை கொடுத்தார்கள். மிலிட்டரிக்காரன் பெயர் பலகையில் இருந்தால் அதிகாரிகளுக்குத் திருப்தி. மேனேஜர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மிலிட்டரி என்பார்.

ஓர் அறைக்கு நான்கு பேர் என்பது லைசென்ஸ். சீசனில் ஆர்டர் குவியும்போது நான்கு பேரை வைத்து ஒன்றும் ஆகாது. மரத்தடியிலும் அறைகளுக்குப் பின்னாலும் பெண்கள் உட்கார்ந்து திரி வைப்பார்கள், பெட்டி ஒட்டுவார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர் கிடையாது. "கணக்குல இல்லாத ஆளு" என்பார்கள். அவர்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அதிகாரி ஜீப் மெயின் ரோட்டில் திரும்பினால் டீக்கடையிலிருந்து போன் வரும். கேட்டில் தொங்கும் தண்டவாளத் துண்டில் வாட்ச்மேன் இரும்புக் கம்பியால் அடிப்பார். உடனே கணக்கில் இல்லாதவர்கள் எல்லாம் பின்னாலிருக்கும் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட வேண்டும். ஜீப் திரும்பிப் போகிற வரைக்கும் வெளியே வரக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நான் ராணுவத்தில் பார்த்த எந்த அணியும் அவ்வளவு வேகமாக மறைந்ததில்லை.

தீப்பிடித்தால் அடிக்கத் தனியாக ஒரு சைரன் வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே கேட்டேன்.

"சைரன் எதுக்கு மிலிட்டரி? இது எதுக்கு, அது எதுக்குன்னு ஆபீசருக்கு நூறு கேள்வி வரும். மணிதான் இருக்குல்ல. மணி கேட்டா எல்லாரும் ஓடணும். அம்புட்டுதானே?" என்றார் மேனேஜர்.

"அம்புட்டுதான் அண்ணாச்சி" என்று சொன்னேன்.

மாதம் ஒருமுறை ஒத்திகை நடத்தினேன். மணி அடித்ததும் பதிவேட்டில் இருக்கிறவர்கள் கேட் பக்கம் வந்து வரிசையில் நிற்பார்கள். அறை அறையாகப் பெயர் வாசித்து, எண்ணி, "ஆள் சரி" என்று கத்துவேன். அதே நேரத்தில் கணக்கில் இல்லாதவர்கள் கருவேலங்காட்டுக்குள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இரண்டு வேளைச் சோற்றுக்கு வந்தவர்கள், எனக்கென்ன என்று நினைத்தேனா, ஒன்றும் நினைக்கவில்லையா, தெரியவில்லை. நினைக்கவில்லை என்றால் அது இன்னும் கேவலம்.

பேச்சியம்மாள் எங்கள் தெரு. புருஷன் முருகன் அதே ஆலையில் லோடு ஏற்றுகிறவன். அவள் சீசனுக்கு மட்டும் வருவாள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள்.

அன்றைக்குப் பகல் பதினொன்றரை மணி. ஐந்தாம் அறையில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். உரசலில் பிடித்ததா, வெக்கையில் பிடித்ததா என்று இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. முதலில் வெள்ளை வெளிச்சம், அதற்குப் பிறகுதான் சத்தம். வாட்ச்மேன் தண்டவாளத்தில் அடிக்க ஆரம்பித்தார். இரண்டு பேர் தாங்களாக வெளியே வந்து விழுந்தார்கள். மற்ற இருவரை நான் உள்ளே போய் இழுத்தேன். அங்கேதான் என் கைகள் வெந்தன. அந்த நேரம் வலி தெரியவில்லை. தோல் முழு ஆழத்துக்கும் வெந்தால் அங்கே வலிக்கிற நரம்பும் சேர்ந்து வெந்துவிடும். அதனால் வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.

நான்கு பேர். அறைக்கு நான்கு. மரத்தடியைப் பார்த்தேன், காலி. எல்லாம் ஓடிவிட்டார்கள், வயக்காட்டு வழியாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஆள் சரி! யாரும் உள்ள போகாதீக! நாலு பேரும் வந்தாச்சு!" என்று கத்தினேன்.

அடுத்து நான் செய்ததைத்தான் பத்திரிகை புகழ்ந்தது. மேனேஜர் காரில் நெற்றி கிழிந்த கணக்கப்பிள்ளையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் கத்திய கத்து அப்படி. காருக்குக் குறுக்கே நின்றேன். "அவன் பேசுறான்ல, அவன் அப்புறம். இவளைப் பாருங்க, மூக்கு முடி கருகியிருக்கு, சத்தமே இல்ல. இவள முதல்ல ஏத்துங்க" என்றேன். மூக்குக்குள் முடி கருகியிருந்தால் சூடு தொண்டைக்குள் போயிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் உள்ளே வீங்கி மூச்சடைக்கும் என்று அர்த்தம். நான்கு பேரையும் நான் சொன்ன வரிசையில்தான் அனுப்பினார்கள். அவர்களில் மூன்று பேர் இன்று நடமாடுகிறார்கள். கடைசியாக லோடு வேனில் பெட்டிகளுக்கு நடுவே நான் போனேன்.

முதலில் கொண்டுபோன சின்ன ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே இருந்த ஒரு டாக்டரும் இரண்டு நர்சுகளும் சாப்பிடாமல் வேலை பார்த்தார்கள். கட்டு கட்டினார்கள், டிரிப் போட்டார்கள். மதுரைக்கு அனுப்ப இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். அது போய்ப் போய்த் திரும்ப வேண்டும். வராந்தா பெஞ்சில் கிடந்தேன். செல்வி வந்து என் முகத்தைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள். மூக்கு அரிக்கிறது என்றேன். சொறிந்துவிட்டாள். பிறகு வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். முருகன் யாரையோ வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பேச்சியம்மாள். முதுகு, இடது பக்கம், இரண்டு கைகள். நைலான் சேலை உருகி ஒட்டியிருந்தது. உடம்பெல்லாம் முள். வெந்த உடம்போடு ஐந்தரை மணி நேரம் கருவேலங்காட்டில் கிடந்திருக்கிறாள். அவள் வீடு போய்ச் சேரவில்லை என்று தெரிந்துதான் முருகன் தேடப் போயிருக்கிறான்.

ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. அடுத்த ஆள் நான்.

"ஒரு ஆளுதான் படுக்கலாம். லிஸ்டுல ஒங்க பேருதான் இருக்கு, ஏறுங்க" என்றார் டிரைவர்.

"லிஸ்டைத் தூக்கி ஓடையில போடும். அந்தப் பொம்பளையப் படுக்க வையும். நான் உக்காந்து வாறேன்."

"எனக்குச் சொன்னதத்தான் நான் செய்வேன். அப்புறம் என்னையக் கேப்பாக."

"கேட்டா ஒரு கிறுக்கன் மறிச்சான்னு சொல்லும். வண்டிய எடும்யா!"

அவளைப் படுக்க வைத்தார்கள். டிரிப் பாட்டிலை முருகன் தூக்கிப் பிடித்துக்கொண்டான். நான் எதிர் பெஞ்சில், பக்கத்தில் செல்வி. சாத்தூர் தாண்டினதும் கண்ணைத் திறந்தாள்.

"தண்ணி" என்றாள். நாக்கை நனைக்க மட்டும் செல்வி ஈரத்துணி கொடுத்தாள்.

"ஏம்மா பேச்சி, கூப்பிட்டிருக்கக் கூடாதா? அம்புட்டுப் பேரு நின்னோமே அங்கன."

"மணி அடிச்சிட்டாகளேண்ணே."

"அது தீக்கு அடிச்ச மணி."

"தெரியும்ணே. தீப்பிடிச்சா ஆபீசருக வருவாகல்ல. நாங்க தலையக் காட்டுனா கம்பெனிய மூடிருவாகன்னு மேனேஜர் சொல்லிருக்காருல்ல. ஜீப்பு போகட்டும், போகட்டும்னு பாத்தேன். ஒன்னு மாத்தி ஒன்னு வந்துக்கிட்டே இருக்கு. ஒன்னுகூடப் போகல."

முருகன் பாட்டிலைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்ககூட ஆள் சரின்னு கத்துனீக. கேட்டுச்சு. சரி, நம்மளத் தேடலைன்னு பேசாமக் கெடந்தேன்" என்றாள் பேச்சி.

மதுரை வரைக்கும் அவள் டிரிப்பில் விழுகிற சொட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

வெந்தவருக்கு முதல் எமன் காயம் அல்ல. ரத்தத்தில் இருக்கிற தண்ணீர் வெந்த இடம் வழியாகக் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டாவிட்டால் சிறுநீரகம் நின்றுவிடும். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உடம்பு எடையை வெந்த சதவீதத்தால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை மில்லி என்று வரும். அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். பேச்சிக்கு மொத்தம் ஏழரை லிட்டர். அந்த எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த நேரத்திலிருந்து ஆரம்பிப்பதல்ல. வெந்த நிமிஷத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நாங்கள் மதுரை தீக்காய வார்டுக்குள் போனபோது மணி ஏழரை. எட்டு மணி நேரம் அப்போதே முடிந்துவிட்டது. அவளுக்கு உள்ளே போயிருந்தது ஒன்றரை பாட்டில், முக்கால் லிட்டர்.

கையில் கொண்டுவந்த காகிதத்தில் ஐந்து மணி என்று இருந்தது. அது அவளைத் தூக்கிக்கொண்டு வந்த நேரம். அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண், அதைப் பார்த்துத்தான் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு இல்ல டாக்டர், பதினொன்றரை. எழுதுங்க, பதினொன்றரை!"

"காகிதத்துல அஞ்சுன்னு இருக்கே. நீங்க யாரு?"

"பக்கத்து ஸ்ட்ரெச்சரு. அந்த வெடியில நானும் வெந்தேன், நேரம் எனக்குத் தெரியாதா? அஞ்சுன்னு வச்சா இன்னும் அஞ்சரை மணி நேரம் இருக்குன்னு மெதுவா ஓட விடுவீக. அவளுக்கு நேரமே இல்ல."

அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தார். ஐந்தை அடித்துவிட்டுப் பதினொன்றரை என்று எழுதினார். கணுக்காலில் இரண்டாவது ஊசி போட்டு இரண்டு பாட்டிலையும் முழு வேகத்தில் திறந்துவிட்டார். யாரையும் பாராட்டுகிற மனநிலையில் நான் இல்லை. ஆனால் அந்த டாக்டரைத் திட்ட எனக்கு ஒன்றுமில்லை.

வார்டு நாட்களைப் பற்றிச் சொல்கிறேன். வெந்தவர்களைப் போர்த்த முடியாது, துணி ஒட்டும். கட்டிலுக்கு மேலே கம்பி வளைத்து அதன்மேல் போர்வை போடுவார்கள். கூண்டுக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும். சிலருக்கு ஒட்டாமல் இருக்க வாழை இலை விரிப்பார்கள். காலையில் ஒன்பது மணிக்குக் கட்டு மாற்றும் டிராலி வரும். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிடும். அந்தச் சத்தம் வராந்தா கோடியில் கேட்டதுமே வார்டில் பேச்சு நின்றுவிடும். பழைய மருந்தையும் செத்த தோலையும் உப்புத் தண்ணீரில் கழுவி எடுத்துவிட்டுப் புது வெள்ளைக் களிம்பு தடவுவார்கள். மலையில் எத்தனையோ பேருக்கு இதை என் கையால் செய்திருக்கிறேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ, முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டே செய்வேன். அப்படிச் சொன்னதற்கு அவர்கள் ஒருத்தர்கூட என்னை அறையவில்லையே என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

செல்வி தினமும் ஆறு முட்டை அவித்து, மஞ்சள் கருவை எடுத்துவிட்டு ஊட்டுவாள். புதுத் தோல் வளர அது வேண்டும். அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தேன். பெண்கள் வார்டுக்குப் போய்ப் பேச்சியின் சிறுநீர்ப் பையில் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். சிறுநீர் இறங்கினால் சிறுநீரகம் உயிரோடு இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். இரண்டே நாளில் மில்லி கணக்குப் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

"ராத்திரிக்கு நூத்தியிருவது. கலரு கட்டங்காப்பி மாதிரி இருக்கு."

"நேத்து?"

"நேத்து எம்பது. கூடியிருக்குல்ல? கூடியிருக்குன்னு வாயத் தொறந்து சொல்லுங்களேன். எப்பப் பாத்தாலும் மொறைச்சுக்கிட்டே கெடந்தா என்ன அர்த்தம்?"

"கூடியிருக்கு."

"இதச் சொல்லத்தான் இம்புட்டு நேரமா?"

ஐந்தாம் நாள் யாரோ பெரிய மனிதர் ஆறுதல் சொல்ல ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போட்டு, தண்ணீர் தெளித்து, ஆம்புலன்ஸ் நிறுத்தி, ஆக்சிஜன் சிலிண்டர் வைத்து எல்லாம் தயாராக இருந்ததாம். குமார் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்று சொன்னான்.

"அத்தான், அன்னைக்கு மட்டும் அது மாதிரி ஒன்னு வந்திருந்தா பேச்சியக்கா எந்திரிச்சு உக்காந்திருக்கும். ஒங்க மிலிட்டரியில எல்லாம் நொடியில தூக்கிருவாகல்ல?"

"ஏலே, வாய மூடு."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"பத்து ஹெலிகாப்டரு வந்திருந்தாலும் நாலு பேரத்தான்லே ஏத்திருப்பேன். ஆள் சரின்னு கத்தி வழியனுப்பிருப்பேன். அவ முள்ளுக்குள்ள கெடந்து மேல போறதப் பாத்திருப்பா. போ வெளிய."

அவன் முகம் செத்துவிட்டது. செல்வி என்னைத் திட்டினாள். திட்டட்டும். ஊரில் எல்லோருக்கும் ஹெலிகாப்டர் மேல் ஆசை. வண்டி எதுவாக இருந்தாலும் எண்ணாத ஆளை அது ஏற்றாது.

எட்டாம் நாள் மேனேஜர் வந்தார். ஆப்பிள் பை, தலையில் கை வைத்து ஓர் ஆறுதல், பிறகு சட்டைப் பையிலிருந்து டைப் அடித்த காகிதம். கூடவே ஒரு மைப் பெட்டி.

"தாசில்தார் விசாரணைக்கு வாறாரு மிலிட்டரி. ஒமக்கு எதுக்குச் செரமம்னு நாங்களே அடிச்சுக் கொண்டாந்துட்டோம். கை ரெண்டும் கட்டுல இருக்கு, கையெழுத்துப் போட முடியாதுல்ல. கால் பெருவெரல் ரேகை போதும்னு கேட்டு வச்சிட்டேன்."

"படிங்க அண்ணாச்சி."

"நீரு சொல்றதுதான். புதுசா என்ன இருக்கு?"

"எம் பெருவெரலுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிங்க."

படித்தார். அறையில் நான்கு பேர் இருந்தார்கள், நான்கு பேரும் மீட்கப்பட்டார்கள், பேச்சியம்மாள் என்பவர் தம் கணவருக்குச் சோறு கொண்டுவந்த இடத்தில் காயம் பட்டவர், ஆலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அறைக்கு நான்கு என்ற சட்டம் மீறப்படவில்லை.

"முருகனே சரின்னுட்டான்" என்றார் மெதுவாக. "அவனுக்கு நாங்க செய்வோம். ஒமக்கும் செய்வோம். நீரு சொன்ன ஆள் சரிதானே இது? கேட்ல நின்னு நீருதானே கத்துனீரு? ஊரே கேட்டுச்சே."

அந்த இடத்தில்தான் எனக்கு வெந்தது. பதினாறு சதவீதம் ஒன்றுமில்லை.

தாசில்தார் மூன்று மணிக்கு ஓர் எழுத்தரோடு வந்தார். மேனேஜர் காகிதத்தை நீட்டினார். எழுத்தர் மைப் பெட்டியைத் திறந்து என் காலைப் பிடித்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். தொடைக் கட்டு பிய்ந்து ரத்தம் வந்தது.

"அய்யா, அதுல இருக்கது பொய். எழுதிக்கோங்க. அஞ்சாம் ரூம்ல உள்ள நாலு பேரு. பின்பக்கம் பேச்சியம்மாள், புருஷன் பேரு முருகன், ஆமத்தூரு. திரி வச்சுக்கிட்டிருந்தா. கூலி ஆளு. ஆக அஞ்சு. மரத்தடியில எத்தன பேருன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுதான் நான் செஞ்ச குத்தம், அதையும் எழுதுங்க. ஜீப்புக்கும் தீக்கும் ஒரே மணி. அதுக்குச் சரின்னு சொன்னது நானு. அதையும் எழுதுங்க."

"யோசிச்சுப் பேசுங்க. ஒங்க மேலயும் வழக்கு வரும்" என்றார் தாசில்தார்.

"வரட்டும்."

"மிலிட்டரி, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒமக்கு?" என்றார் மேனேஜர்.

"எம் பேரு கருப்பசாமி."

எழுத்தர் புதுத் தாளில் எழுதினார். முழுவதையும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். பிறகு காலை நீட்டினேன். மேனேஜர் ஆப்பிளை விட்டுவிட்டுப் போய்விட்டார். செல்வி அதை வார்டில் எல்லோருக்கும் பங்கு போட்டுவிட்டாள்.

மறுநாள் சக்கர நாற்காலியில் என்னைப் பெண்கள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பேச்சிக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. தோல் இல்லாத இடம் வழியாகக் கிருமி ரத்தத்தில் இறங்கியிருந்தது. வெந்தவர்களை இரண்டாவது வாரத்தில் கொல்வது அதுதான். ஆனால் நினைவு இருந்தது. முருகன் கட்டில் கால்மாட்டில் நின்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பேச்சி, ஒன் பேர எழுதிட்டாக. நீயும் கம்பெனி ஆளுதான்னு சொல்லிட்டேன்."

தலையை என் பக்கம் திருப்பினாள்.

"என்னண்ணே இப்படிச் செஞ்சுட்டீக. அடுத்த சீசனுக்கு எவன் என்னைய வேலைக்குக் கூப்பிடுவான்?"

பதினான்காம் நாள் காலையில் பேச்சி போய்விட்டாள். செல்வி வந்து பையின் கணக்கைச் சொல்லாமல் என் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

என் இடது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது. வழக்கு நடக்கிறது, என் மேலும்தான். அந்த ஆலைக்கு ஆறு மாதம் பூட்டு. இப்போது வேறு பெயர்ப் பலகையில் ஓடுகிறது.

சென்ற மாதம் இன்னொரு ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். என் வழக்கு அவர்களுக்குத் தெரியாது, ராணுவச் சான்றிதழ் மட்டும் தெரியும். போனேன். முதல் வேலையாக ஒத்திகை என்றேன். அங்கேயும் தண்டவாளத் துண்டுதான். அடிக்கச் சொன்னேன். பதிவேட்டு ஆட்கள் கேட்டுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். மற்றவர்கள் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். நான் வரிசையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் நடந்தேன். முள் கிழித்தது. ஒவ்வொரு புதருக்கும் பின்னால் குனிந்து, "எந்திரிம்மா, வெளிய வா, பேரச் சொல்லு" என்றேன். முதலில் ஒருத்தியும் அசையவில்லை. சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும், "ஜீப்பு போயிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"ஜீப்பு வரல. நான்தான் வந்திருக்கேன். பேரச் சொல்லு."

ஒவ்வொருத்தியாக அழைத்து வந்து வரிசையில் நிறுத்தி, சத்தமாக எண்ணினேன். அந்த முதலாளி வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பதினெட்டுப் பேர். எண்ணி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.